உறைபனிச் சுவரும் தோல் காலணியும்

பனிக்கட்டி ஏற்றம் என்பது, குளிர்காலத்தில் உறைந்து நிற்கும் அருவியையோ, பாறை இடுக்கில் நீர் வழிந்து உறைந்த பனிச்சுவரையோ கைக்கோடரிகளும் காலணியில் பூட்டிய இரும்பு முட்களும் கொண்டு ஏறும் மலையேற்ற முறையாகும். பனி மூடிய சரிவில் நடந்து ஏறுவது வேறு, இது வேறு. இங்கே சுவர் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். கையால் பற்ற விளிம்பு இருக்காது. ஏறுபவர் தமக்கான பிடியைத் தாமே கொத்தி உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு இடமில்லை. உதகையில் டிசம்பர், சனவரி மாதங்களில் புல்வெளி வெளுக்கும் அளவுக்கு உறைபனி விழுவதுண்டு. வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். ஓர் அருவி உறைய வேண்டுமானால் வாரக்கணக்கில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் இருந்துகொண்டு இதைப் படிப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்த ஏற்றத்தின் வரலாற்றில் பெரும்பகுதி காலணியின் வரலாறு. காலணியின் வரலாறு நெடுங்காலம் தோலின் வரலாறாகவே இருந்தது. இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டிய தோல் வட்டாரத்தில் வளர்ந்தவருக்கு, தோல் நனைந்தால் என்ன ஆகும், நெருப்பில் காட்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவை வைத்துக்கொண்டே பனிக்கட்டி ஏற்றத்தின் பாதியை விளங்கிக்கொள்ளலாம்.

ஏறத்தக்க பனி

இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கிலும் லடாக்கிலும் உறைந்த அருவிகள் ஏறப்படுகின்றன. ஸ்பிட்டியின் தலைமையிடமான காசா, கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேல் உள்ளது. குளிர்கால இரவுகளில் அங்கு வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். வெளிநாடுகளில் ஆல்ப்சு மலை, கனடாவின் ராக்கி மலை, நார்வே, ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் ஆகியவை பெயர்பெற்ற களங்கள்.

குளிர் மிகுந்தால் பனி உறுதியாகும் என்று நினைப்பது இயல்பு. அது பாதிதான் உண்மை. சுழியத்துக்குச் சில டிகிரி கீழே இருக்கும் பனி சற்று இளகிய தன்மையுடன் கோடரியை நன்றாக வாங்கிக்கொள்ளும். மைனஸ் 15 டிகிரியைத் தாண்டிக் குளிர்ந்தால் அது கண்ணாடிபோல் நொறுங்கும். ஒரு கொத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவில் பெயர்ந்து முகத்தில் விழும். வெயில் பட்டு வெப்பம் கூடினாலோ, பாறைக்கும் பனிக்கும் இடையிலான ஒட்டு விட்டுப்போகும். ஆகவே நல்ல பனி என்பது இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள குறுகிய இடைவெளி. உறைந்த அருவிகளின் கடினத்தை 1 முதல் 7 வரை எண்ணிட்டுக் குறிப்பர். 3 வரை பழகுநர் ஏறலாம். 5 என்றால் நீண்ட தூரம் செங்குத்து என்று கொள்ளலாம். இந்த எண் அருவிக்கு உரியதே தவிர அந்த நாளுக்கு உரியதன்று. சென்ற வாரம் 4 ஆக இருந்தது இந்த வாரம் ஏறவே கூடாததாக இருக்கலாம்.

ஏறும் நாள்

ஏற்ற நாள் முந்தைய இரவிலேயே தொடங்கிவிடுகிறது. காலணியை, அல்லது இரட்டைக் காலணியாக இருந்தால் அதன் உள்காலணியை, படுக்கைப்பைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவது வழக்கம். வெளியே விட்டால் காலையில் அதில் கால் நுழையாது. விடியும் முன்னரே புறப்படுகிறார்கள். வெயில் சுவரில் படுவதற்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும் என்பதே காரணம்.

அருவியின் அடிவரை பனியில் நடை. இந்த நடையில் வியர்க்கக் கூடாது. குளிரில் வியர்வை எதற்கு என்று கேட்கத் தோன்றும். முதுகில் கயிறும் இரும்புமாகச் சுமை இருக்கும், முழங்கால்வரை பனியில் புதையும், உடல் சூடாகும். வியர்வை காலுறையை நனைக்கும். ஏறும்போது அந்த ஈரமே பகையாகும். பழகியவர்கள் நடக்கும்போது மேலங்கியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, சற்றுக் குளிரத் குளிரவே நடப்பார்கள்.

அடியில் நின்று முதலில் பார்ப்பது நிறம். நீலமாக இருக்கும் பனி அடர்த்தியானது. வெண்மையாக இருந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. அடுத்து, காதைக் கொடுத்துக் கேட்பார்கள். பனிக்குப் பின்னால் நீர் ஓடும் ஓசை பலமாகக் கேட்டால் சுவர் இன்னும் முழுதாகப் பாறையைப் பற்றவில்லை. கோடரியின் பின்புறத்தால் தட்டிப் பார்ப்பதும் உண்டு. குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம்மவர்களுக்கு இந்தத் தேர்வு புதிதன்று.

பிறகு காலணியில் கிராம்பான் பூட்டுகிறார்கள். இது காலணியின் அடியில் பொருந்தும் இரும்புச் சட்டம். பத்து முட்கள் கீழ்நோக்கியும் இரண்டு முட்கள் காலின் முன்னே நீட்டியும் இருக்கும். கையில் வளைந்த அலகுடைய இரண்டு குட்டைக் கோடரிகள். இருவர் ஒரு கயிற்றில் இணைவார்கள். முன்னேறுபவர் ஏற, மற்றவர் கீழே நின்று கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்துக் காவல் காப்பார்.

பார்ப்பவருக்கு இது கைகளின் வேலையாகத் தெரியும். உண்மையில் எடையைத் தாங்க வேண்டியவை கால்கள்தாம். இரண்டு கோடரிகளும் தலைக்கு மேலே பதிந்து உடலைச் சுவரோடு நிறுத்தும். முன்முட்களைப் பனியில் உதைத்து ஊன்றி, அந்த நான்கு இரும்பு நுனிகளின்மேல் எழுந்து நிற்க வேண்டும். அப்போது குதிகால் தாழ்ந்தே இருக்க வேண்டும். ஏணியில் ஏறும் பழக்கத்தில் குதிகாலைத் தூக்கினால் முன்முட்கள் பனியை உள்ளிருந்து நெம்பிவிடும், கால் நழுவும். புதியவர்கள் காலை நம்பாமல் கைகளில் தொங்குவார்கள். பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும், விரல் மூடாது.

சில மீட்டருக்கு ஒருமுறை முன்னேறுபவர் பனித்திருகு ஒன்றை இறக்குகிறார். இது உள்ளீடற்ற எஃகுக் குழாய். நீளம் 10 முதல் 22 செ.மீ. வரை. திருகத் திருக உள்ளேயிருந்து பனித்தண்டு ஒன்று வெளியே பிதுங்கி வரும். அந்தத் தண்டு கெட்டியாகத் தொடர்ந்து வந்தால் நல்ல பனி. இடையில் தூளாக வந்தால் உள்ளே வெற்றிடம். திருகில் கயிற்றை மாட்டிவிட்டால், விழுந்தாலும் அதுவரையில்தான் விழ முடியும். ஆனால் பாறை ஏற்றத்தில் விழுந்து பழகுவதுபோல் இங்கே விழக் கூடாது. விழும்போது முட்கள் பனியில் சிக்கினால் கணுக்கால் முறியும்.

இவ்வளவும் மேலே நடக்கும்போது கீழே காவல் நிற்பவர் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறார், நாற்பது நிமிடம், சில நேரம் ஒரு மணிக்கு மேலும். நாளின் மிக ஆபத்தான பகுதியை ஏறுபவர் எதிர்கொள்கிறார் என்றால், நாளின் மிகக் குளிரான பகுதி இவருக்கு உரியது. கால்விரல் போவது பெரும்பாலும் இப்படி நிற்கும்போதுதான்.

இறங்குவது கயிற்றில். மேலே மரமோ பாறையோ இல்லாவிட்டால், திருகால் பனியில் இரண்டு துளைகளைச் சாய்வாக இட்டு உள்ளே ஒன்றோடொன்று சந்திக்கச் செய்து, அதன் வழியே சிறு கயிற்றைக் கோத்து முடிச்சிட்டு, அதில் இறங்குவார்கள். இந்த உத்தி சோவியத் ஒன்றியத்தின் மலையேறி விட்டாலி அபலகோவின் பெயரால் வழங்குகிறது. அவரே 1936இல் கான் டெங்ரி மலையில் பனிக்கடிக்கு ஆளாகிக் கைவிரல்களின் பகுதிகளையும் ஒரு பாதத்தின் பகுதியையும் இழந்தவர். அதன் பிறகும் பல ஆண்டுகள் மலையேறினார்.

கால்விரல் ஏன் முதலில் போகிறது

உடல் குளிரும்போது இதயம், மூளை முதலியவற்றைக் காக்க, கை கால்களின் நுனிக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கையை அசைக்கலாம், கக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கால்விரல் காலணிக்குள் அடைபட்டிருக்கிறது. காலணி இறுக்கமானால் உள்ள இரத்த ஓட்டமும் குறையும். முதலில் வலிக்கும், பிறகு வலி நின்றுவிடும். வலி நின்றதும் பலர் நிம்மதி அடைகிறார்கள். அதுவே மோசமான அறிகுறி. திசு உறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். இதையே பனிக்கடி என்பர்.

பனிக்கடி பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. பனியால் தேய்ப்பது இன்னும் கேடு. 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி இளக்க வேண்டும். அதுவும் மீண்டும் உறையாது என்ற உறுதி இருந்தால் மட்டுமே. இளகிய திசு மறுபடி உறைந்தால் சேதம் பன்மடங்காகும். மலைமேல் இருக்கும்போது உறைந்த காலோடு நடந்து இறங்குவதே மேல் என்று கற்பிக்கப்படுவது இதனால்தான்.

1950 சூன் 3 அன்று பிரான்சின் மோரிஸ் எர்சோக்கும் லூயி லாஷெனாலும் அன்னபூர்ணா உச்சியை அடைந்தனர். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதர் கால் வைத்தது அதுவே முதல்முறை. அவர்கள் அணிந்திருந்தவை தோல் காலணிகள். உச்சிக்கு முன்னரே லாஷெனாலுக்குக் கால் மரத்துவிட்டது. திரும்பிவிடலாமா என்று எண்ணினார். அவர் ஷமோனியில் மலை வழிகாட்டியாகப் பிழைப்பவர். கால் போனால் தொழில் போகும். எர்சோக் தனியாகவாவது போவேன் என்றதால் அவரும் சென்றார். இருவரும் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தனர். எர்சோக் கைவிரல்களிலும் பெரும்பாலானவற்றை இழந்தார். புகழ் பெரிதும் எர்சோக்குக்கே போய்ச் சேர்ந்தது. கூலிக்குக் கால் வைத்தவர் லாஷெனால் என்பதால், அந்தக் கதையில் நினைவில் நிற்க வேண்டியவர் அவரே என்று தோன்றுகிறது.

தோல் காலணி கடந்து வந்த வழி

தொடக்கத்தில் ஆணி அடித்த தோல் காலணியே எல்லா மலைக்கும் போதுமானதாக இருந்தது. அடித்தோலின் விளிம்பெங்கும் இரும்பு ஆணிகள் வரிசையாக இருக்கும். பனியில் அவை ஓரளவு பற்றும்; செங்குத்தில் பற்றாது. அதனால் கோடரியால் படிவெட்டியே ஏறினார்கள். 1924இல் எவரெசுட்டில் மறைந்த ஜார்ஜ் மேலரியின் உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டபோது காலில் ஆணிக் காலணி இருந்தது. அவருடன் சென்ற ஆண்ட்ரூ இர்வினின் காலணி 2024இல் ரோங்புக் பனியாற்றில் கிடைத்தது. உள்ளே பெயர் தைத்த காலுறையும் பாதத்தின் எச்சமும் இருந்தன. நூறு ஆண்டு பனிக்குள் கிடந்தும் தோல் உருக்குலையவில்லை.

1908இல் ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் பத்து முள் கிராம்பானை வடிவமைத்தார். இத்தாலியின் கூர்மாயூர் ஊரில் கொல்லராக இருந்த ஆன்றி கிரிவெல் அதைச் செய்து கொடுத்தார். அவர் மகன் லோரன் கிரிவெல் 1929இல் முன்முட்கள் இரண்டைச் சேர்த்தார். படிவெட்டும் வேலை அன்றே முடிந்திருக்க வேண்டும், ஆனால் முடியவில்லை. தோல் காலணியின் அடி மடங்கியது. முன்முட்களில் நிற்கும்போது அடி மடங்கினால் முழு எடையும் ஆடுதசையில் இறங்கும். இரும்பு தயாராகிவிட்டது, காலணி தயாராகவில்லை.

1935இல் இத்தாலியின் புந்தா ராசிகா மலையில் ஆறு பேர் புயலில் சிக்கி இறந்தனர். அவர்களோடு சென்றிருந்த விட்டாலே பிரமானி, தகுந்த காலணி இல்லாமையும் ஒரு காரணம் என்று கண்டு, ஆணிக்குப் பதிலாகப் பள்ளமும் மேடுமான ரப்பர் அடியை உருவாக்கி 1937இல் வெளியிட்டார். அவர் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து வைத்ததே விப்ரம் என்ற வணிகப் பெயர். இன்று ஊர்ச்சந்தையில் விற்கும் மலிவான பூட்சின் அடியில் இருக்கும் அச்சும் அதன் வழிவந்ததே.

1953 எவரெசுட்டுக் குழுவுக்காக பிரித்தானியக் காலணி ஆய்வுச் சங்கம் தனிக் காலணி செய்தது. அதன் மேற்பகுதி தடித்த மாட்டுத்தோல் அன்று. பளபளப்பாக மெருகேற்றிய மெல்லிய ஆட்டுத்தோல். இரண்டு மெல்லிய தோல்களுக்கு நடுவே ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்கு இலவம்பஞ்சு வகை நார் அடைக்கப்பட்டது. குளிரைத் தடுப்பது தோல் அன்று, அதற்குள் அடைபட்ட காற்று என்று புரிந்துகொண்ட வடிவமைப்பு இது. அப்படியும் மே 29 காலையில் எட்மண்ட் இல்லரி கண்விழித்தபோது, இரவில் கழற்றி வைத்த அவருடைய காலணி இறுகி உறைந்திருந்தது. அடுப்புச் சுடரில் காட்டி இளக்க இரண்டு மணி நேரம் ஆனது. டென்சிங் நோர்கே கலைமான் தோலால் ஆன சுவிசு காலணியைக் கழற்றாமலே உறங்கியிருந்தார். உலகின் உயரமான இடத்துக்கு மனிதன் போன நாளில் இரண்டு மணி நேரம் ஈரத்தோலுக்குப் போயிற்று.

தோல் ஏன் நீர் குடிக்கிறது

தோல் என்பது கொலாசன் என்ற புரதத்தின் நார்கள் பின்னிப் பிணைந்த அடுக்கு. மேற்புறத்தில் நார்கள் நெருக்கமாகவும் உள்ளே செல்லச்செல்லத் தளர்வாகவும் இருக்கும். நார்களுக்கு இடையே உள்ள நுண்ணிடங்கள் வழியே வியர்வை ஆவியாக வெளியேறும். நம் ஊர் வெயிலில் தோல் செருப்பு சுகமாக இருப்பதற்கு இதுவே காரணம். அதே நுண்ணிடங்கள் வழியாகப் பனிநீரும் நுழையும். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அந்த நீர் தோலுக்குள்ளேயே உறைந்தால் நிலைமை இன்னும் மோசம். பனிக்கட்டி நீரைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு கடத்தும். காலணியின் சுவர் உலர்ந்திருந்தால் கம்பளி, உறைந்தால் தகரம்.

நெருப்பில் காட்டுவது பற்றியும் பாலாற்றங்கரைக்குத் தெரியும். சென்னை மாகாணத்திலிருந்து இங்கிலாந்துக்கு நெடுங்காலம் ஏற்றுமதியானது ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த தோல். பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது 75 அல்லது 85 டிகிரி வாக்கில் சுருங்கிவிடும். சுருங்கினால் பழைய நிலைக்கு வராது. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். குரோம் தோல் சரியாகப் பதப்பட்டதா என்று பார்க்கத் துண்டு ஒன்றை வெட்டிக் கொதிநீரில் போடுவது தோல் ஷாப்புகளில் இன்றும் உள்ள வழக்கம். சுருளாமல் இருந்தால் சரி. சென்னையில் குரோம் பதனிடல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டனின் முயற்சியால் அறிமுகமானது. 1948இல் அங்கு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை நடுவண் அரசு கட்டுப்படுத்தியபின், ஆம்பூர் முழுத்தோலுக்கும் காலணிக்கும் மாறியது.

இன்று ஆம்பூர்த் தொழிற்சாலைகளில் அப்பர் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்கே தைக்கப்படுபவை பெரும்பாலும் ஐரோப்பியக் கடைகளுக்கான நகர்ப்புறக் காலணிகள். ஒரு மில்லிமீட்டர் சுற்றளவில் தடிமன் உள்ள ஆட்டுத்தோல் அதற்குப் போதும். மலைக் காலணிக்கு இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் தடித்த மாட்டுத்தோல் வேண்டும். தையல் குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு ஊசித்துளையும் நீர் புகும் வழி. மடங்காத அடியும், கிராம்பான் கவ்வ முன்னும் பின்னும் விளிம்பும் தேவை. தோலைக் கொழுப்பூட்டும் கட்டத்திலேயே நீர்விலக்கும் பொருள் நார்வரை இறங்க வேண்டும். மேலே மெழுகு பூசுவது ஓரிரு மணி நேரத்துக்கே உதவும். இவை எதுவும் ஆம்பூர் அறியாத கலை அன்று. காலணிக்குப் பின்னால் இருக்கும் நீர்க்கணக்கையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும்: ஒரு கிலோ பச்சைத்தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகும் என்பர், அந்தக் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்த வழக்கில்தான் 1996இல் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது.

தோலுக்குப் பின்

1970களின் இறுதியிலிருந்து நெகிழி ஓட்டுக்குள் தனி உள்காலணி வைத்த இரட்டைக் காலணிகள் பரவின. ஓடு நீர் குடிக்காது. உள்காலணியை மட்டும் கழற்றிப் படுக்கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். உயரமான சிகரங்களிலிருந்து தோல் விடைபெற்றது இவ்வாறுதான். இப்போது செயற்கை இழையால் ஆன, எடை குறைந்த வகைகள் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. காலையில் போய் மாலையில் அறைக்குத் திரும்பும் ஒருநாள் ஏற்றத்துக்கு மட்டும் தடித்த தோல் காலணி இன்னும் விற்கிறது. இரவில் உலர்த்த முடியும் என்பதால் அதன் குறை அங்கே பெரிதாகத் தெரிவதில்லை. தோல் பாதத்தின் வடிவத்துக்கு இணங்கிவருவதுபோல் நெகிழி வருவதில்லை.

இந்தியாவில் பனிக் காலணி அதிகம் தேவைப்படுவது விளையாட்டுக்கு அன்று, சியாச்சினில் நிற்கும் படைவீரர்களுக்கு. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை இத்தகைய காலணி வாங்கப்படாததால் வீரர்கள் பழைய காலணிகளைப் புதுக்கி அணிய நேர்ந்தது என்று குறிப்பிட்டது. ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் காலணி செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாடு இது.

பனியில் ஏறக் கற்க விரும்புபவர், டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனத்திலோ, உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனத்திலோ, மணாலியில் உள்ள மலையேற்ற நிறுவனத்திலோ அடிப்படைப் பயிற்சியில் சேரலாம். பனியாற்றில் கிராம்பான் நடையும் கோடரிப் பயன்பாடும் பாடத்தில் உண்டு. காலணி அங்கேயே தரப்படும். அதை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்ப்பது நல்லது. கால்விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். சரிவில் இறங்குவதுபோல் நின்று பார்க்கும்போது கட்டைவிரல் முன்பக்கம் இடித்தால், ஓர் அளவு பெரியதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.